மூடாமல் நின்ற கரு

வஜீஹா காடைகளோடு வேலை செய்ய நேர்ந்தது தற்செயல்தான். பிளஸ் டூவுக்குப் பிறகு லேப் டெக்னீஷியன் டிப்ளமோ முடித்து, கே.கே. நகரில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள் அவள். கைக்குழந்தைகளுக்கு நரம்பு கிடைக்காமல் மற்றவர்கள் திணறினால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கொரோனாவுக்குப் பிறகு அந்த நிலையத்தை மூடிவிட்டார்கள். நான்கு மாதம் சும்மா இருந்தாள். பிறகுதான் அடையாறில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் பறவைகளைப் பார்த்துக்கொள்ளவும் முட்டைகளைக் கையாளவும் ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்தது.

கூடத்தின் தலைவி டாக்டர் ஸ்வர்ணலதா அவளிடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஆறு காடை முட்டைகளை முன்னால் வைத்து, மஞ்சள் கரு கலையாமல் உடைத்துத் தட்டில் விடச் சொன்னார். ஆறும் கலையவில்லை. மறுநாளே வேலையில் சேர்ந்தாள்.

பார்வைக்கு அந்தக் கூடத்தின் காடைகள் எல்லாக் காடைகளையும் போலத்தான் இருக்கும். ஆனால் அவற்றின் மூதாதைப் பறவை ஒன்றுக்குள், பச்சையாக ஒளிரும் ஜெல்லிமீனின் மரபணுவைச் சேர்த்திருந்தார்கள். அது தலைமுறை தலைமுறையாக முட்டை வழியே இறங்கி வந்துகொண்டிருந்தது. கட்டடத்துக்குக் கம்பி கட்டியிருப்பதுபோல ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மெல்லிய இழைகள் உண்டு. செல் நகர்வதும் வளைவதும் எட்டிப் பிடிப்பதும் அவற்றால்தான். இந்தக் காடைகளுக்கு அந்த இழைகள் ஒளிரும். பொரிந்து வந்த குஞ்சின் மேல் நீல டார்ச் அடித்து, மஞ்சள் கண்ணாடி போட்டுப் பார்த்தால் அலகும் காலும் பச்சையாக மினுங்கும். முதல் முறை பார்த்தபோது வஜீஹா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

அவளுடைய முக்கியமான வேலை முட்டையிலிருந்து கருவை வெளியே எடுப்பது. முட்டை இன்குபேட்டரில் முப்பது மணி நேரம் இருந்திருக்கும். உடைத்துத் தட்டில் விட்டால், மஞ்சளின் மேல் ஓர் அரிசி அளவுக்கு வெள்ளையாக ஏதோ தெரியும். அதுதான் கரு. நடுவில் ஓட்டை போட்ட ஒரு துண்டு வடிதாளை அதைச் சுற்றி ஒட்டவைத்து, ஓரமாக வெட்டி, கருவைத் தாளோடு தூக்கி, உப்புத் தண்ணீரில் அலசி, ஒரு சின்ன டிஷ்ஷில் வைக்க வேண்டும். டிஷ் சூடான பெட்டிக்குள் போகும். பெட்டிக்குள் மைக்ரோஸ்கோப் இருக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் அது படம் எடுத்துக்கொண்டே இருக்கும். பத்துக் கருவில் எட்டை வஜீஹா பழுதில்லாமல் எடுத்துவிடுவாள். அந்தக் கூடத்தில் வேறு யாராலும் பாதிகூட முடிந்ததில்லை.

ஆனால் இரண்டு வருடமாக அவள் அந்தப் படங்களைப் பார்த்ததே இல்லை. டிஷ்ஷைப் பெட்டிக்குள் வைத்ததும் பறவை அறைக்குப் போய்விடுவாள். ஆராய்ச்சி மாணவி இசக்கியம்மாள், தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், "வந்து பாருங்கக்கா, நீங்க எடுத்த கருதான" என்று பல தடவை கூப்பிட்டிருக்கிறாள். "தீவனம் வைக்கணும்மா" என்று ஒரே பதில்தான் வரும்.

அதற்குக் காரணம் இருந்தது.

வஜீஹாவுக்கு 2009இல் கல்யாணம். கணவன் ஹனீஃபா மந்தைவெளியில் ஆட்டோக்களுக்கு சீட் தைக்கிறவன். வீடு மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால், மாமியாரோடு. அந்த வருடக் கடைசியில் உண்டானாள். ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை சூரிய கிரகணம் வந்தது. ஆண்கள் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார்கள். வாங்கி வைத்த சங்கரா மீன் கெட்டுவிடக் கூடாது என்று வஜீஹா அரிவாள்மனையை எடுத்து மீனின் தலையை வெட்டினாள். தொழுதுவிட்டு எழுந்து வந்த மாமியார் அதைப் பார்த்து வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

ஏழாம் மாதம் ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் ஹனீஃபாவையும் மாமியாரையும் மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்தவர்கள், குழந்தை வயிற்றுக்குள்ளேயே இறந்துவிட்டது, எடுத்தாக வேண்டும் என்றார்கள். ஊசி போட்டார்கள். வலி எங்கோ தூரத்தில் யாருக்கோ வருவதுபோல வந்துபோனது. முழுசாக விழித்தபோது பக்கத்தில் எதுவும் இல்லை. ஹனீஃபா அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தான். அவன் செருப்பில் ஈரமண் ஒட்டியிருந்தது.

"பொண்ணு" என்று மட்டும் சொன்னான்.

நாற்பது நாள் கழித்து மாமியார் வாய் திறந்தார். "மீனு தலைய வெட்டுனியே. புள்ள எப்புடி வந்துச்சுன்னு தெரியுமா? தலைய யாரோ வெட்டி எடுத்த மாதிரி."

மாமியார் இறந்து எட்டு வருடமாகிறது. அந்த வாக்கியம் இறக்கவில்லை. அதற்குப் பிறகு வஜீஹா எந்த மீனின் தலையையும் வெட்டியதில்லை. கடையிலேயே சுத்தம் செய்து வாங்கிவிடுவாள்.

இன்னொன்றும் இருந்தது. ஊசி மயக்கத்தில் அன்று அவளுக்கு ஒரு சத்தம் கேட்டது. அழுகை என்று சொல்ல முடியாது. கதவு இடுக்கில் காற்று போவதுபோல, மெல்லிசாக, விட்டு விட்டு. பக்கத்துக் கட்டிலின் குழந்தையாக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வீட்டில் யாரும் இல்லாத மதியங்களில், மிக்ஸியை நிறுத்திய பிறகு வருகிற அமைதியில், அந்தச் சத்தம் வரும். இரண்டாவது மகள் இஃப்ரா பிறந்து, வளர்ந்து, இப்போது ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். சத்தம் மட்டும் நிற்கவில்லை. பறவை அறைக்கு வந்த பிறகு ஒரு நன்மை, காடைகளின் முணுமுணுப்பில் அது அமுங்கிவிடும்.

போன வருடம் ஆகஸ்டில் ஒரு காலை, அந்தக் கட்டடத்தில் ஏசி பழுதானது. மைக்ரோஸ்கோப் அறையின் சூடு ஏறாமல் ஒருவர் உட்கார்ந்து கவனிக்க வேண்டியிருந்தது. இசக்கியம்மாள் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வஜீஹாவை உட்காரவைத்துப் போனாள். திரையை அணைக்க மறந்துவிட்டாள்.

திரையில் பச்சை ஆறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு மணி நேரத்தை ஒரு நிமிடமாகச் சுருக்கிய படம். இரண்டு கரைகள். ஒவ்வொரு கரையிலும் நூற்றுக்கணக்கில் செல்கள், ஒவ்வொன்றும் உள்ளுக்குள் பச்சை இழைகளால் பின்னப்பட்டது. கரையின் விளிம்பில் இருந்த செல்கள் எதிர்க்கரையை நோக்கி இழைகளை நீட்டின. விரல்கள்தான் அவை. தடவின, எதிரே வந்த விரலைக் கண்டுகொண்டன, பிடித்துக்கொண்டன, இழுத்தன. கரைகள் நெருங்கி ஒன்றாயின. படம் முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடியது.

அவள் எழுந்து போகவில்லை. டீ முடிந்து இசக்கியம்மாள் வந்தபோது அதே படத்தை ஏழாவது முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாருக்குல்லாக்கா?" என்றாள் இசக்கியம்மாள் சந்தோஷமாக. "தட்டையா இருக்கறது சுருண்டு குழாயாவுது. இதுதான் மூளை, தண்டுவடம் எல்லாம். இந்தா, அடுத்தது பாருங்க, நம்ம பதினேழாம் நம்பர் டிஷ்."

பதினேழில் கழுத்துக்குக் கீழே எல்லாம் சரியாக மூடியது. தலைப்பக்கம் கரைகள் நெருங்கின. விரல்கள் நீண்டன. தொட்டன. பிடி கிடைக்கவில்லை. மறுபடி நீண்டன. கரைகள் மெதுவாக விலகிப் போயின. விலகிய பிறகும் விரல்கள் நீண்டுகொண்டே இருந்தன, ஆள் போன பிறகும் கையாட்டுகிறவர்களைப் போல.

"இது மூடாதுக்கா. சில கரு இப்படித்தான் ஆயிரும். இன்னிக்கு ஃப்ரீசர்ல போட்டுருங்க."

"மூடலேன்னா இன்னா ஆவும்?"

இசக்கியம்மாளுக்கு வஜீஹாவின் கதை எதுவும் தெரியாது. பாடம் சொல்வதுபோலச் சொன்னாள். "மண்டையோடு வராது, மூளை வராது. மனுஷங்களுக்கும் உண்டுக்கா. நெறைய வயித்துலயே போயிரும். சிலது உசுரோட பொறக்கும், கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயிரும்."

"உசுரோடவா?"

"ஆமா. நெஞ்சு துடிக்கறதுக்கும் மூச்சு விடறதுக்கும் கீழ உள்ள பகுதி போதும்லா."

வஜீஹா பதினேழாம் டிஷ்ஷை எடுத்துக்கொண்டு ஃப்ரீசர் வரைக்கும் போனாள். கதவைத் திறந்தாள். குளிர்ந்த புகை முகத்தில் வந்தது. மூடிவிட்டுத் திரும்பினாள். அந்த டிஷ்ஷை முட்டைகளின் இன்குபேட்டரில், கடைசித் தட்டின் மூலையில் வைத்தாள். வேலையில் அவள் செய்த முதல் தப்பு அது. தெரிந்தே செய்தது.

மறுநாள் காலை யாரும் வருவதற்கு முன் சாதாரணப் பூதக்கண்ணாடி மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைத்துப் பார்த்தாள். தலை திறந்தபடியே இருந்தது. அதற்குக் கீழே, குண்டூசி முனை அளவில், ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். துடிப்பு நிற்கும் என்று எதிர்பார்த்தாள். நிற்கவில்லை.

டாக்டர் ஸ்வர்ணலதா கதவருகே வந்து நின்றது அவளுக்குத் தெரியவில்லை.

"இது நேத்தே ஃப்ரீசருக்குப் போயிருக்க வேண்டியது, வஜீஹா."

"தெரியும் மேடம்."

"பின்னே ஏன்?"

பதினைந்து வருடமாக யாரிடமும் சொல்லாததை அவள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடி சொன்னாள். மீனையும் சொன்னாள். முடிந்ததும் ஸ்வர்ணலதா கையுறைப் பெட்டி ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கம் தேதிகளை எழுதினார். கடைசியாகத் தீட்டான தேதியைக் கேட்டார். வஜீஹாவுக்கு அது மறக்கவில்லை.

"தலைப்பக்கம் மூடுறது கரு உண்டாகி நாலு வாரத்துக்குள்ள. உங்களுக்கு டிசம்பர் நடுவுல. கிரகணம் ஜனவரி பதினஞ்சு. நீங்க மீன் வெட்டும்போது அது நடந்து முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சும்மா."

வஜீஹா அந்த அட்டையை வாங்கிப் பார்த்தாள். டிசம்பர் நடுவில் என்ன செய்துகொண்டிருந்தாள்? நாத்தனார் கல்யாணத்துக்கு தி. நகரில் புடவை எடுத்தார்கள். ரங்கநாதன் தெரு நெரிசலில் ஹனீஃபா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். கரும்பு ஜூஸ் குடித்தார்கள். சந்தோஷமாக இருந்தாள். அந்த வாரத்தில்தான் அவளுக்குள் விரல்கள் நீண்டு, பிடி கிடைக்காமல் விலகியிருக்கின்றன. பழி கீழே இறங்கியதும் நிம்மதி வரும் என்று யாரும் நினைப்பார்கள். அவளுக்கு வந்தது பயம். மீனாவது ஒரு காரணமாக இருந்தது. இப்போது காரணமே இல்லை.

"இத நானே ஃப்ரீசர்ல வச்சிடறேன்" என்றாள்.

"இன்னிக்கு நான் வைக்கிறேன். நீங்க வீட்டுக்குப் போங்க."

அவள் வீட்டுக்குப் போகவில்லை. பஸ் பிடித்து நேராக மந்தைவெளிக்குப் போனாள். மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடைத்திருந்த சாலையோரம் ஹனீஃபாவின் கடை. பலகையில் உட்கார்ந்து கறுப்பு ரெக்சினைத் தைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்து, "இன்னா இந்நேரத்துல? இஃப்ராவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லியா?" என்றான்.

"இஃப்ரா அத்தா, அந்தப் புள்ள உசுரோட பொறந்துச்சா?"

எந்தப் பிள்ளை என்று அவன் கேட்கவில்லை. ஊசியையும் நிறுத்தவில்லை. நாலு தையல் போட்டான். பிறகு அதை ரெக்சினில் குத்தி அப்படியே விட்டான்.

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. நானா கேக்குறேன்."

வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவன் தகரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"இருந்துச்சு. பன்னெண்டு பத்துலேர்ந்து பன்னெண்டரை வரைக்கும். எதிர செவுத்துல கடிகாரம் இருந்துச்சு. நர்ஸம்மா தலைக்கு ஒரு குல்லா போட்டு என் கையில குடுத்துட்டாங்க. காதுல பாங்கு சொன்னேன். பேர் வச்சேன்."

"இன்னா பேரு?"

"ஜுவேரியா."

வஜீஹா அந்தப் பெயரை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

"சத்தம் போட்டுச்சா?"

ஹனீஃபா திரும்பிப் பார்த்தான். "உனக்குக் கேட்டுச்சா?"

அவள் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "என் வெரல புடிச்சுக்கினு இருந்துச்சு" என்றான். "கடைசி வரைக்கும் உடல."

"எனக்கு ஏன் காட்டல?"

"நீ தாங்கியிருக்க மாட்டே வஜீ."

"நீங்க தாங்குனீங்களே."

"எங்க தாங்குனேன்" என்றான் ஹனீஃபா.

அதற்குப் பிறகு பதினோரு நாள் அவள் அவனோடு பேசவில்லை. சோறு வைத்தாள், துணி துவைத்தாள், பேசவில்லை. இருபது நிமிடம் தன்னுடையதாக இருந்திருக்க வேண்டியது. அதை அவன் ஒருவனே வைத்துக்கொண்டான். அந்தக் கோபத்தை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை. பறவை அறையில் காடைகளுக்குத் தண்ணீர் மாற்றும்போது அழுதாள். மயிலாப்பூர் குளத்தின் பக்கம் ஷேர் ஆட்டோவில் வரும்போது அழுதாள்.

ஆனால் அந்த நாட்களில் பழைய விஷயங்கள் வேறு முகத்தோடு திரும்பி வரத் தொடங்கின. இஃப்ரா பிறந்தபோது ஹனீஃபா மூன்று மாதம் அவளைத் தூக்கவே இல்லை. மறுபடி பெண் என்பதால்தான் என்று வஜீஹா நினைத்திருந்தாள், வாய்விட்டுக் கேட்டுமிருக்கிறாள். ஆனால் குழந்தைக்குக் குல்லா போட்டால் மட்டும் வந்து கழற்றிவிடுவான். கழற்றி, உச்சந்தலையிலிருந்து பின்கழுத்து வரை உள்ளங்கையால் ஒரு முறை தடவுவான். தினமும். சளி பிடிக்கும் என்று அவள் சண்டை போட்டிருக்கிறாள். அவன் எதைத் தடவிப் பார்த்தான் என்பது பன்னிரண்டு வருடம் கழித்து இப்போது புரிந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை அவளே பேசினாள். "சனிக்கெழம கடைய மூடிட்டு என்கூட வாங்க. ஒண்ணு காட்டணும்."

ஸ்வர்ணலதாவிடம் முன்பே அனுமதி கேட்டிருந்தாள். ஹனீஃபா தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்தான். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, அவர்கள் கொடுத்த நீல உறையைக் காலில் மாட்டிக்கொண்டு, கைகளை எதிலும் படாமல் வைத்துக்கொண்டு நின்றான். இசக்கியம்மாளுக்கு இப்போது எல்லாம் தெரியும். முகத்தை நிமிர்த்தாமல் படத்தைப் போட்டாள். முதலில் மூடிய கரு. பிறகு பதினேழு.

அவன் ஒரு முறைதான் பார்த்தான். விரல்கள் நீண்ட இடத்தில் அவன் தன் வலது ஆட்காட்டி விரலை இடது கையால் பிடித்துக்கொண்டதை வஜீஹா கவனித்தாள்.

படம் நின்றதும் ஸ்வர்ணலதாவைப் பார்த்துக் கேட்டான்: "மேடம், அதுக்கு வலிச்சிருக்குமா?"

பதினைந்து வருடமாக அவனைத் துரத்தியது இந்தக் கேள்விதான் என்று அறையில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது.

"வலின்னு உணரணும்னா மூளையோட மேல்பகுதி வேணும். அது உருவாகவே இல்ல. அதனால வலிச்சிருக்காதுன்னுதான் நாங்க நெனைக்கிறோம்" என்றார் ஸ்வர்ணலதா. கூடவே, "நிச்சயமா சொல்ல எனக்குத் தெரியாது. பொய் சொல்ல விரும்பல" என்றார்.

"வெரல புடிச்சுச்சே."

"அதுக்குக் கீழ இருக்கிற பகுதி போதும். ஆனா புடிச்சது புடிச்சதுதான்."

ஹனீஃபா தலையாட்டினான். போகும்போது இசக்கியம்மாளிடம், "நல்லா படிம்மா" என்று மட்டும் சொன்னான்.

வஜீஹா அந்த வேலையில்தான் இன்றும் இருக்கிறாள். இப்போது படங்களைப் பார்க்கிறாள். எந்தக் கரு மூடாது என்று இசக்கியம்மாளுக்கு முன்பே சொல்லிவிடுவாள், அநேகமாகச் சரியாக இருக்கும். மூடாதவற்றைத் தானேதான் ஃப்ரீசருக்குக் கொண்டுபோகிறாள். சத்தம் இப்போதும் கேட்கிறது. பக்கத்துக் கட்டிலின் குழந்தை என்று சொல்லிக்கொள்ள இனி முடியாது என்பதால் முன்னைவிடக் கிட்டே கேட்கிறது. "முன்னாடி காத பொத்திக்குவேன். இப்ப பொத்தறதில்ல" என்பாள்.

அந்தச் சனிக்கிழமை அடையாறிலிருந்து அவர்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை. கபர்ஸ்தானுக்குப் போகலாம் என்று அவள்தான் சொன்னாள். அங்கே பெண்கள் உள்ளே போகிற வழக்கம் இல்லை; வாசலில் இருந்த காவலர் பொறுமையாக அதைச் சொன்னார். அவள் வாதாடவில்லை. இரும்புக் கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஹனீஃபா உள்ளே போனான்.

குழந்தைகளை அடக்குகிற இடம் மதில் ஓரம். கல்லோ பெயரோ கிடையாது. பதினைந்து வருடத்தில் எத்தனையோ தடவை தோண்டி மூடியிருப்பார்கள். புல் முழங்கால் அளவு நின்றது. அவன் ஒரு வேப்பமரத்துக்குப் பக்கத்தில் நின்று, அவளைத் திரும்பிப் பார்த்து, கையை உயர்த்திக் காட்டினான். அவள் தலையசைத்தாள்.

பிறகு அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். நாலு அடி தள்ளிப் போனான். குனிந்து பார்த்தான். அங்கே நின்று மறுபடி கையை உயர்த்தினான். அவள் தலையசைத்தாள். அவன் இன்னும் கொஞ்சம் மதிலை ஒட்டி நகர்ந்தான்.